மேனேஜருக்கு மூக்கடைப்பு

எங்க கடையில தும்மலுக்கு ஒரு மரியாதையும் கிடையாது.

மத்த எடத்துல ஒருத்தன் தும்முனா பக்கத்துல இருக்கவன் "நூறு"ன்னு சொல்லுவான். நல்ல காரியத்துக்குக் கெளம்புறப்ப யாராச்சும் தும்முனா, கொஞ்சம் உக்காந்து தண்ணி குடிச்சிட்டுப் போவாவ. எங்க கடையில அதெல்லாம் பாத்தா பொழப்பு ஓடாது. கோவில்பட்டியில வத்தல் கமிஷன் கடை வச்சிருக்கேன். மாசி பங்குனி ஆயிட்டுன்னா வெளாத்திகுளம் பக்கம், ஓட்டப்பிடாரம் பக்கம் இருந்தெல்லாம் மொளகா வத்தல் மூடை மூடையா வந்து எறங்கும். சாக்க அவுத்துத் தரையில தட்டுனா அந்த நெடிக்கு மூடை தூக்குறவரு தும்முவாரு, வெவசாயி தும்முவாரு, வாங்க வந்த ஏவாரி தும்முவாரு. எதுத்தாப்புல பஸ்ஸுக்கு நிக்கிற பொம்பளையாளுவளும் தும்முவாவ; அவியளுக்கும் எங்களுக்கும் ஒரு கொடுக்கல் வாங்கலும் கிடையாது. எல்லாருக்கும் "நூறு, நூறு"ன்னு சொல்லிக்கிட்டு இருந்தா, ஏதோ ஏலம் விடுதான்னு ஆளு கூடிரும்.

நான் மட்டும் தும்மமாட்டேன். இதுல பெருமைப்பட ஒண்ணும் இல்ல. இத்தன வருசமா இந்த நெடியில உக்காந்து என் மூக்கு ரிட்டையர் ஆயிட்டு. கண்ணாடி நிக்கிறதுக்கு ஒரு ஸ்டாண்டு வேணும்லா, அதுக்குத்தான் அது இருக்கு. மல்லியப்பூவும் மாட்டுச்சாணியும் எனக்கு ஒண்ணுதான். எங்க வீட்டம்மா இதுக்கு நேர் எதிரு. நான் வாசல்ல செருப்பக் கழத்தும்போதே அடுப்படியில இருந்து கொரலு வரும்.

"பஸ் ஸ்டாண்டு கடையில வாழக்கா பஜ்ஜி தின்னீங்களா?"

"இல்லையே."

"பழைய எண்ணெய்ங்க அது. வயித்தக் கெடுக்கும்."

ஒரு வீட்டுக்கு ஒரு மூக்கு போதும்னு கடவுள் முடிவு பண்ணிட்டாரு போல.

கடைக்குப் பின்னாடி இருக்க குடோன்ல உளுந்து, பாசிப்பயறு எல்லாம் அடுக்கி வச்சிருக்கோம். அதனால எலி உண்டு. எலி இருக்கிறதால பூனை வந்துச்சு. சாம்பல் நெறத்துல வரி போட்ட பொட்டப்பூனை. யாரும் கொண்டு வரல, யாரும் கூப்பிடல. ஒரு நாளு காலையில கடையத் தொறந்தா நான் உக்காருற கல்லா மெத்தையில உக்காந்திருந்துச்சு. நான் போய் பக்கத்துல நின்னேன். அது நகரல. நான்தான் ஸ்டூலு எடுத்துப் போட்டு உக்காந்தேன்.

எங்க லோடுமேன் ரொம்ப நேரம் அதையே பாத்துக்கிட்டு இருந்தாரு. என்னை விட வயசுல மூத்தவரு. வாயும் ஒரு மூடை கூடுதலாவே தூக்கும்.

"அண்ணாச்சி, ஒரு வேலையும் செய்யாது, ஆனா எல்லாரையும் மொறச்சுப் பாக்குது. மேனேஜரு."

அன்னையில இருந்து அதுக்கு மேனேஜருன்னு பேரு.

எலி விசயத்துல சும்மா சொல்லக்கூடாது, வேலையில சுத்தம். ஏவார விசயத்துலயும் மூக்க நொழைக்கும். எங்க தொழில்ல வெலைய வாயால சொல்லமாட்டோம். துண்டப் போட்டு மூடி, அதுக்கு அடியில வெரலப் பிடிச்சுத்தான் பேசுவோம். ஒரு நாளு மதுரை ஏவாரி ஒருத்தரு கூட அப்படிப் பேசிக்கிட்டு இருக்கேன், துண்டு அசையிறதப் பாத்து எலின்னு நெனச்சு மேனேஜரு உள்ள கைய விட்டுட்டு. ஏவாரி வெடுக்குன்னு கைய எடுத்துப் பாத்தாரு.

"என்ன அண்ணாச்சி, இந்த வருசம் ரேட்டு கீறுது?"

இவ்வளவு தெறமையான ஆள நாம மட்டும் வச்சுக்கிட்டா எப்படி? நாலு கடை தள்ளி கடலை மிட்டாய் போடுற அண்ணாச்சி இருக்காரு. அவரு குடோன்ல கடலைப்பருப்பும் வெல்லமும் இருக்கதால எலியெல்லாம் மாப்பிள்ளை மாதிரி இருக்கும். எங்க தெருவுல தராசு இரவல் கேக்கிற மாதிரி, பூனையவும் இரவல் கேப்பாவ. "வே, மேனேஜர ரெண்டு நாளைக்கு அனுப்பும்"பாரு. நானே தூக்கிட்டுப் போயி விட்டுட்டு வருவேன். அதுக்கு டெபுடேஷன்னு பேரு வச்சிருந்தோம்.

எத்தன நாளுதான் இரவல் வாங்கன்னு அந்த அண்ணாச்சிக்கு ரோசம் வந்து, கழுகுமலையில இருந்து ஒரு குட்டிப்பூனைய வயர்கூடையில வச்சு பஸ்ல கொண்டு வந்துட்டாரு. வெள்ளைக் குட்டி. கண்ணு ரெண்டும் பீளை தள்ளி ஒட்டியிருந்துச்சு. மூக்குல தண்ணி.

"சன்னலோரம் உக்காந்து வந்தேன்லா, காத்து அடிச்சிட்டு," ன்னாரு.

"சரியாப் போயிரும் அண்ணாச்சி. நம்ம மேனேஜர விடுதேன், குட்டிக்கு எலி பிடிக்க டிரெயினிங் குடுக்கட்டும்,"ன்னேன் நான். இந்த மாதிரி கோளாறான யோசனையெல்லாம் எனக்குத்தான் மொதல்ல வரும். ரெண்டும் ஒரே டப்பா மூடியில பால் குடிச்சிச்சு, ஒண்ணையொண்ணு நக்கிக் குடுத்துச்சு. பாக்க அவ்வளவு அழகா இருந்துச்சு. போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ்லயும் வச்சேன்.

குட்டி சீக்கிரம் தெளிஞ்சிட்டு. மேனேஜரு நம்ம கடைக்குத் திரும்பி வந்து கொஞ்ச நாளுல தும்ம ஆரம்பிச்சிட்டு.

வேற எந்த வீட்டுலயும், எந்தக் கடையிலயும், ஒரு பூனை விடாம தும்முனா என்ன ஏதுன்னு கேப்பாவ. எங்க கடையில நாங்க கை தட்டுனோம். சீசன் நேரம் வேற. லோடுமேன் மூடைய எறக்கி வச்சிட்டுச் சொன்னாரு:

"இம்புட்டு நாளு தும்மாம இருந்தா. இப்பத்தான் தொழிலுக்குள்ள வந்திருக்கா."

"கமிஷன்ல பங்கு கேட்டுறப் போறா,"ன்னேன் நான்.

மேனேஜரு தும்முனதுக்கு மொத்தக் கடையும் சிரிச்சிது. மேனேஜரு மட்டும் சிரிக்கல.

கடைசியில கண்டுபிடிச்சது கடலை மிட்டாய் அண்ணாச்சிதான். ஒரு நாளு மத்தியானம் அவரே பூனையத் தூக்கிக்கிட்டு எங்கடைக்கு வந்துட்டாரு.

"வே, இது எங்கடையிலயும் வந்து தும்முது."

"அதுக்கென்ன அண்ணாச்சி?"

"அதுக்கென்னவா? எங்கடையில வெல்லம்லா இருக்கு! வெல்லத்துக்கு எவம்வே தும்முவான்?"

எனக்கு அப்பத்தான் உறைச்சுது. கையில வாங்கிப் பாத்தேன். கண்ணு பாதி மூடிக் கெடக்கு. மூக்கு ரெண்டும் பச்சையா அடைச்சிருக்கு. வாயத் தொறந்து மூச்சு விடுது. காலையில வச்ச பாலு அப்படியே ஆடை கட்டிக் கெடக்கு. இறக்கி விட்டேன். நேரா நடந்து, கொட்டிக் கெடந்த வத்தக் குமியல் மேலயே ஏறிப் போச்சு. நெடி பொறுக்காம நாலடி தள்ளிச் சுத்திப் போற பூனை, ஏதோ கடற்கரை மணல்ல நடக்க மாதிரி அதுல நடந்து போகுது. அதுக்கும் என்னை மாதிரியே மூக்கு போயிட்டு.

குமியல் மேல இருந்து அதத் தூக்கி எடுத்தேன்.

காய்கறி கொண்டு வார பிளாஸ்டிக் கிரேடுல துண்ட விரிச்சு, மேனேஜர வச்சு, மேல இன்னொரு கிரேடக் கவுத்திக் கட்டி, அரசாங்க மாட்டாசுபத்திரிக்குத் தூக்கிட்டுப் போனேன். அங்கன வரிசையில எனக்கு முன்னாடி ஒரு பசு, ஒரு கன்னுக்குட்டி, பெறவு ஆடு ஆடு ஆடு. எடைசெவல் பக்கத்துல இருந்து வந்த ஒரு பெரியவரு கெடாவப் பிடிச்சுக்கிட்டு நின்னாரு. கிரேடுக்குள்ள குனிஞ்சு பாத்தாரு.

"என்ன அண்ணாச்சி, பூனையா?"

"ஆமாய்யா."

"பால் கறக்குமா?"

"கறக்காது."

"வெட்டுவியளா?"

"ஐயையோ."

"பெறவு எதுக்கு ஆஸ்பத்திரிக்கு?"

"எங்க மேனேஜருய்யா,"ன்னேன். அவரு என்னை ஏற எறங்கப் பாத்துட்டு, கெடாவ ரெண்டடி அந்தப் பக்கம் தள்ளி நிறுத்திக்கிட்டாரு. பூனைகிட்ட இருந்து இல்ல, என்கிட்ட இருந்து.

டாக்டரம்மா சின்ன வயசு. காய்ச்சல் பாத்தாவ, வாயத் தொறந்து நாக்கப் பாத்தாவ, கண்ணுல லைட்டு அடிச்சுப் பாத்தாவ.

"இது வைரஸ் சளி. பூனைக்குப் பூனை ஒட்டும். புதுப்பூனை ஏதாவது கூடச் சேந்துச்சா?"

நான் கழுகுமலைக் குட்டியப் பத்திச் சொன்னேன். பால் மூடியப் பத்தியும் சொன்னேன். டிரெயினிங்கப் பத்தி மட்டும் சொல்லல.

"அதுகிட்ட இருந்துதான் வந்திருக்கும். தும்மல், எச்சில், ஒரே பாத்திரம், தொட்ட கை, எல்லாத்துலயும் ஒட்டும். பூனைய எடம் மாத்தி எடம் தூக்கிட்டுப் போகாதீங்க. தனியா வைங்க. இதத் தொட்டுட்டு அந்தக் குட்டியத் தொடாதீங்க."

"எங்களுக்கு ஒட்டுமா டாக்டர்? மாஸ்க் போடணுமா?"

"மனுசனுக்கு ஒட்டாது. நீங்க என்ன கடை வச்சிருக்கீங்க?"

"வத்தல் கடை."

டாக்டரம்மா பேனாவ மேசையில வச்சிட்டாவ. "இவ்வளவு மூக்கடைப்போட வத்தல் கடையிலயா இருக்கு? இன்னைக்கே வீட்டுக்குக் கொண்டு போங்க."

கண்ணுக்குச் சொட்டு மருந்து குடுத்தாவ. சளியில வேற கிருமி சேந்திருக்குன்னு அதுக்கு ஒரு மருந்தும் எழுதுனாவ. பெறவு சொன்னதுதான் முக்கியம்.

"வைரஸ அதோட ஒடம்பே விரட்டிரும். ஆனா அது சாப்பிடணும். பூனை மூக்காலதான் சாப்பிடும். வாசனை தெரியலன்னா அதுக்கு அது சாப்பாடே இல்ல. பட்டினியாக் கெடந்தா சீக்கிரமே ஈரல் கெட்டுரும், பெறவு தேத்துறது கஷ்டம். நாளைக்குள்ள நாலு வாயாவது எறங்கணும். மூக்க வெதுவெதுப்பான தண்ணியில தொடச்சு விடுங்க. பாத்ரூம்ல சுடுதண்ணி ஆவியில கொஞ்ச நேரம் வைங்க. நல்லா வாசனை தூக்குற சாப்பாடா, இளஞ்சூட்டுல குடுங்க. மீனு, கோழி, கருவாடு... கருவாடுன்னா உப்பு போக ஊற வச்சு நல்லா அலசிட்டுக் குடுங்க. வீட்டுல செய்வீங்கல்ல?"

"நாங்க சைவம் டாக்டர்."

டாக்டரம்மா மேனேஜரக் காட்டி, "இது?"ன்னு கேட்டாவ.

"அது வெளியில அசைவம்."

வெறும் சைவம்னு சொன்னா காணாது. எங்க வீட்டம்மா முட்டை கேக்கு வச்ச தட்டத் தனியாக் கழுவி வெயில்ல வைக்கிறவ. கார்த்திகை, தை அமாவாசைக்கு வெங்காயம்கூட வீட்டுக்குள்ள வராது. கடையில பூனை இருக்குன்னு அவளுக்குத் தெரியும், ஆனா நேர்ல பாத்தது இல்ல. நான் கிரேடோட வாசல்ல நின்னேன். செருப்பக் கழத்தல.

"ஏட்டி, கோவப்படாத."

"கோவப்படுற மாதிரி என்ன செஞ்சுட்டு வந்திருக்கீங்க?"

நான் கிரேடத் தொறந்து காட்டுனேன். மேனேஜரு மெதுவாத் தலையத் தூக்கிப் பாத்துச்சு. ஒரு கண்ணு ஒட்டியிருந்துச்சு, ஒரு கண்ணு தொறந்திருந்துச்சு. அவ பாத்துக்கிட்டே நின்னா. மேனேஜரு தும்முச்சு.

"நூறு,"ன்னா எங்க வீட்டம்மா.

அந்தப் பூனைக்கு அம்புட்டு நாளா தும்முனதுல கெடச்ச மொத மரியாதை அது.

மொதல்ல ஆவி. பாத்ரூம்ல வாளி வாளியா சுடுதண்ணி ஊத்தி, கதவச் சாத்தி, பனியனும் கைலியுமா நான் மடியில பூனைய வச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். பூனைக்கு ஆவி பிடிச்சுதோ இல்லையோ, நான் இட்லி மாதிரி வெந்துட்டேன். "இழுத்து விடு தாயி, மூச்ச இழுத்து விடு, அப்படித்தான் தங்கம்"ன்னு நான் உள்ள இருந்து கெஞ்சிக்கிட்டு இருக்கேன். பக்கத்து வீட்டு அண்ணாச்சி சுவருக்கு அந்தப் பக்கம் இருந்து எங்க வீட்டம்மாகிட்ட, "தங்கச்சி, யாருக்காச்சும் வலி வந்துட்டா? ஆட்டோ கூப்பிடவா?"ன்னு கேட்டாராம்.

மூக்கத் தொடச்சோம். கொஞ்சம் வழி விட்டுது. இனி சாப்பாடு.

"வாசனைதான வேணும்?"ன்னா எங்க வீட்டம்மா. "நம்ம வீட்டுல இல்லாத வாசனையா?"

மொதல்ல சூடாப் பாலு. மொகத்தத் திருப்பிக்கிட்டு. பெறவு நெய்ய உருக்கிச் சோத்துல பெசஞ்சு வச்சா. அது கண்ண மூடிக்கிட்டு. ஊத்துக்குளி வெண்ணெய், தயிரு, ஏலக்காப் பாயசம் வரைக்கும் வந்து பாத்துட்டுப் போச்சு. கடைசியா பெருங்காயக் கட்டியவே எடுத்து அது மூஞ்சிக்கு நேரா நீட்டுனா, திங்க இல்ல, மோந்து பாக்க மட்டும். மேனேஜரு அதையும் பாக்கல, அவளையும் பாக்கல. தலைய முன்னங்கால் மேல வச்சுப் படுத்துக்கிட்டு. முதுகெலும்பு துண்டுக்கு மேல கோடு மாதிரித் தெரிஞ்சுது.

அந்தப் பேர நான் எடுக்கக்கூடாது, எடுத்தா நான் சொன்னதா ஆயிரும். அவளே சொல்லட்டும்னு வெரல்நகத்தப் பாத்துக்கிட்டே நின்னேன்.

"மீனுன்னா அதுக்குக் கண்ணு இருக்கும்,"ன்னா அவ.

"ஆமா."

"தொறந்தே இருக்கும்."

"ஆமா."

"கருவாடு காஞ்சுதான இருக்கும்?"

"சருகா இருக்கும்."

"வத்தல் மாதிரி."

"அதே மாதிரிதான்."

"வத்தல் ஏவாரி வீடுதான இது," ன்னா. "காஞ்சது வந்தா என்ன? போங்க, வாங்கிட்டு வாங்க. நல்லா வாசனை உள்ளதாப் பாத்து வாங்கணும்."

அங்கனதான் எனக்குச் சோதனை. கருவாட்டுக் கடை ஆச்சி முன்னாடி போய் நிக்கேன், குமிச்சு குமிச்சு வச்சிருக்கு, எனக்கு எல்லாம் சீமைக்கருவேல வெறகு மாதிரி இருக்கு. குனிஞ்சு மோந்து பாக்கேன். ஒண்ணும் இல்ல. இந்தப் பக்கம் குமியல மோந்தேன். சுத்தமா ஒண்ணும் இல்ல. பக்கத்துல நின்னவங்க மூக்கப் பொத்திக்கிட்டு நிக்காவ, நான் ரோசாப்பூ மோக்க மாதிரி மோந்துக்கிட்டு நிக்கேன்.

"அண்ணாச்சி, வத்தக்கடை அண்ணாச்சிதான நீங்க? சைவம்லா?"

"பூனைக்கு, ஆச்சி."

"எல்லாரும் அப்படித்தான் ஆரம்பிப்பாவ. என்ன வேணும்?"

"இதுல எது நல்லா நாறும்?"

ஆச்சி தராசக் கீழ வச்சிட்டாவ. "எங்கடையில நாறுறது ஒண்ணும் கிடையாது. எல்லாம் வாசம். நாத்தம் வேணும்னா ஓடைப்பக்கம் போங்க."

மன்னிப்பு கேட்டு, நெத்திலியில ஒரு பொட்டலம், சாளையில ஒரு பொட்டலம், வாளையில ஒரு பொட்டலம் வாங்குனேன். மூணுல எது ஜாஸ்தின்னு எனக்குத் தெரியாது. அத முடிவு பண்ண எங்க வீட்டுல ஒரு மூக்குதான் இருக்கு.

மொட்டை மாடியில வச்சுத்தான் பரிச்சை நடந்துச்சு. ஜென்மத்துல கருவாட்டு மார்க்கெட்டு இருக்க தெருவுலயே போகாதவ, முந்தானையக் கையில தயாராப் பிடிச்சுக்கிட்டு, சாயங்கால வெயில்ல நிக்கா. நான் ஒவ்வொண்ணா நீட்டுதேன், கல்யாணப் பொண்ணுக்குச் சேலை எடுத்துக் காட்டுற கடைக்காரன் மாதிரி.

வாளைய நீட்டுனேன். "ம். பரவாயில்ல."

நெத்திலிய நீட்டுனேன். "இது கொஞ்சம் தூக்கலு."

சாளைய நீட்டுனேன். எங்க வீட்டம்மா மாடிக் கைப்பிடிச் சுவரு வரைக்கும் பின்னாடியே போயிட்டா. கண்ணுல தண்ணி.

"இதுதான்! இதுதான்! கீழ கொண்டு போகாதீங்க!"

அவளுக்கு அம்புட்டுச் சந்தோசம். நானும் சந்தோசமாத் தலையாட்டுனேன், ரிசல்ட்டு வாசிச்ச பெறவுதான் பாஸாயிட்டோம்னு தெரிஞ்சுக்கிறவன் மாதிரி.

டாக்டரம்மா சொன்னபடி ஊற வச்சு, தண்ணி மாத்தி மாத்தி அலசுனது நான். கோயிலுக்குப் போறப்ப பொங்கல் வைக்கக் கொண்டு போற சின்ன அடுப்ப மாடிக்கு ஏத்தி, ஒரு பழைய அலுமினியச் சட்டியில வேக வச்சேன். கொதி வந்துச்சு. எனக்கு ஆவி மட்டும்தான் தெரிஞ்சுது. தெருவுக்கு மிச்சமும் தெரிஞ்சிட்டு.

எதுத்த வீட்டு மாடியில ஒரு தலை. பின்வீட்டு மாடியில ரெண்டு தலை. பக்கத்து வீட்டு அண்ணாச்சி கீழ ரோட்டுல நின்னே மேல பாத்தாரு.

"ஏம்வே, உம்ம வீட்டுல இருந்தா?"

"பூனைக்கு அண்ணாச்சி!"

"பூனைக்குத்தான், பூனைக்குத்தான்! எங்க வீட்டுல கோழி நாய்க்குத்தான் எடுக்கோம்!"

எங்க வீட்டம்மா கைப்பிடிச் சுவருல எட்டிப் பாத்தா. "அண்ணாச்சி, நெசமாவே பூனைக்குத்தான். நம்புங்க."

"நம்புதேன் தங்கச்சி. பூனை மிச்சம் வச்சா ஒரு கிண்ணம் குடுத்து விடு."

வெந்தத எடுத்து முள்ளு நீக்கி, வெரலால மசிச்சு, இளஞ்சூட்டுல ஒரு மூடியில வச்சேன். மேனேஜரு முன்னாடி கொண்டு போய் வச்சேன். மூக்க இன்னொரு தடவை தொடச்சு விட்டேன். நானும் அவளும் ரெண்டு பக்கமும் சம்மணம் போட்டு உக்காந்துட்டோம்.

ஒண்ணும் நடக்கல.

மூடியக் கொஞ்சம் நகத்துனேன். மேனேஜரு கொஞ்சம் தள்ளிப் படுத்துக்கிட்டு. இதுக்கு மேல வாசனைக்கு நான் எங்கன போவேன்? கடல்லயே போயி விழணும்.

"அதுக்கு இன்னும் தெரியலங்க," ன்னா எங்க வீட்டம்மா. மெதுவாச் சொன்னா. "நாக்குல பட்டாத் தெரியும்."

சொல்லிட்டு, என்கிட்ட கேக்கல, மூஞ்சியச் சுளிக்கல, வலது கை ஆட்காட்டி வெரல அந்தச் சாளையில தொட்டா. தொட்ட வெரலக் கொண்டு போயி மேனேஜரு ஒதட்டுல தடவுனா. முந்தானையப் பிடிக்கவும் இல்ல, மூச்சப் பிடிச்சுக்கிட்டா போல, கன்னம் ரெண்டும் உப்பி இருந்துச்சு.

மேனேஜரு ஒதட்ட நக்குச்சு.

தலையத் தூக்குச்சு. ஏதோ பழைய சங்கதி ஞாபகம் வந்த மாதிரி. பெறவு அவ வெரல நக்குச்சு. அவ மறுபடியும் தொட்டுக் குடுத்தா. மறுபடியும் நக்குச்சு. பெறவு கழுத்த நீட்டி, மூடிக்குள்ள மொகத்த விட்டு, ஒரு வாயி எடுத்துச்சு. தும்முச்சு. சாளை எம் பனியன்ல தெறிச்சுது. அடுத்த வாயி எடுத்துச்சு.

"தின்னுதுங்க!" ன்னா அவ. அடக்கி வச்சிருந்த மூச்சையும் சேத்து விட்டா. "தின்னுதுங்க, தின்னுது!"

எதுத்த மாடியில நின்ன தலைக்கு ஒண்ணும் புரியல. வத்தக்கடைக்காரனும் பொண்டாட்டியும் மாடியில உக்காந்து கை தட்டிக்கிட்டு இருக்காவ, பக்கத்துல கருவாட்டுச் சட்டி. அந்தத் தெருவுல எங்களப் பத்தி இருந்த நல்ல பேரு அன்னைக்கு அதோட சரி.

அவ கீழ எறங்கிப் போயி சோப்புப் போட்டுக் கழுவுனா, மஞ்சப் போட்டுக் கழுவுனா, எலுமிச்சம்பழத்தத் தேச்சுக் கழுவுனா. வெரல மோந்து பாத்துட்டு மறுபடியும் கழுவுனா. முடிச்சிட்டு மேல ஏறி வந்து கேட்டா:

"அடுத்து எப்பங்க குடுக்கணும்?"

மறுநாளு கடைக்குப் போனேன். கடைத்தெரு முழுசும் சேதி போயிருந்துச்சு. டீக்கடைக்காரரு கிளாசக் குடுத்துட்டு, "அண்ணாச்சி, நேத்து என்ன கொழம்பு?"ன்னாரு. லோடுமேன் மட்டும் கேலி பண்ணல. மூடையக்கூட எறக்காம, தோள்ல வச்சுக்கிட்டே நின்னு கேட்டாரு.

"மேனேஜரு தின்னாளா?"

"தின்னா."

அதுக்குப் பெறவுதான் மூடைய எறக்குனாரு.

கடலை மிட்டாய் அண்ணாச்சி குட்டியவும் டாக்டரம்மாகிட்ட காட்டி, அதுக்கு வயசு வந்ததும் தடுப்பூசியும் போட்டாச்சு. பால் மூடி, தட்டு எல்லாம் தனித்தனி. தெருவுல பூனை இரவல் குடுக்கிற வழக்கத்த நானே முன்னாடி நின்னு நிறுத்திட்டேன். தராசு மட்டும் இப்பவும் போகும் வரும்.

மேனேஜரு நாளுக்கு நாளு தேறிச்சு. கண்ணு தெளிஞ்சுது, தும்மல் கொறஞ்சுது, ஆவி பிடிக்கத் தூக்கிட்டுப் போனா என்னைக் கீறுற அளவுக்குத் தெம்பு வந்துச்சு. டாக்டரம்மா மறுபடி பாத்துட்டு, "நல்லாயிட்டு. ஆனா இந்த வைரஸ் சில பூனைக்குள்ள ஒளிஞ்சே கெடக்கும், ஒடம்பு அசந்தா திரும்ப எட்டிப் பாக்கும். வத்தல் கடைக்கு மட்டும் வேண்டாம்,"ன்னாவ. நான் வீட்டுக்கு வந்து எங்க வீட்டம்மாகிட்ட, "அப்ப கடலை மிட்டாய் அண்ணாச்சி கடையிலயே விட்டுருவமா, வெல்ல வாசத்துல இருக்கட்டும்,"ன்னு கேட்டேன். அவ என்னைப் பாத்த பார்வைய வச்சு, மேனேஜரு இனி எங்கயும் டெபுடேஷன் போகாதுன்னு புரிஞ்சிக்கிட்டேன்.

இப்ப கடையில என் மெத்தை எனக்கே கெடச்சிட்டு. வீட்டுல என் நாற்காலி போயிட்டு.

போன வாரம் சாயங்காலம் கடையடைச்சு வந்தேன். வாசல்ல செருப்பக் கழத்துதேன், அடுப்படியில இருந்து கொரலு வரல. அதுக்குப் பதிலா மேனேஜரு வந்துச்சு. எங்கால மோந்துச்சு. கைலிய மோந்துச்சு. நான் குனிஞ்சு கைய நீட்டுனேன், அதையும் மோந்துச்சு. கண்ணச் சுருக்கிக்கிட்டு, ஒடம்பு பூரா குலுங்க ஒரு தும்மல் போட்டுச்சு.

அவ கரண்டியோட ஓடி வந்தா. "என்னங்க? சளி திரும்ப வந்துட்டா?"

"இல்லட்டி. இது வத்த நெடி. எங்கையில இருக்கதுலா. நல்லா பாரு, மூக்குல சளி இல்ல, கண்ணு பளிச்சுன்னு இருக்கு. அதுக்கு வாசனை தெரியுது!"

மேனேஜரு மறுபடி எங்கைய மோந்துட்டு, இன்னொரு தும்மல் போட்டு, வால நிமித்திக்கிட்டு அடுப்படிக்குப் போயிட்டு. இம்புட்டு வருசத்துல வத்தல் நெடிக்குத் தும்முன ஆள நான் இவ்வளவு சந்தோசமாப் பாத்ததே இல்ல.

"சிரிச்சது போதும்,"ன்னா எங்க வீட்டம்மா. "இந்தக் கையோட அதத் தொடாதீங்க. போயி குளிச்சிட்டு வாங்க."

பின்வாசல்ல நின்னு தலையில தண்ணி ஊத்திக்கிட்டு இருக்கேன். மாடியில அடுப்பு எரியுற சத்தம் கேக்கு. சுவருக்கு அந்தப் பக்கம் இருந்து பக்கத்து வீட்டு அண்ணாச்சி கேட்டாரு:

"என்னவே, இன்னைக்கு நெத்திலியா, சாளையா?"

"எனக்கு எப்படி அண்ணாச்சி தெரியும்? எங்க வீட்டுல மூக்கு இருக்கவங்க ரெண்டு பேரு இருக்காவ. அவியகிட்ட கேளுங்க."